அறுபதுக்குப் பின் ஒரு மணி நேரம்: நடையா, தசை வலுவா, சமநிலையா, மாத்திரையா?

அறுபதைத் தாண்டியவருக்கு உடம்பைப் பற்றி யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இருப்பதில்லை. நடந்தால் போதும் என்பார் ஒருவர். எடை தூக்காவிட்டால் தசை கரைந்துவிடும் என்பார் இன்னொருவர். வைட்டமின் மாத்திரையை மறக்காதீர்கள் என்று மூன்றாமவர் சொல்லி முடிப்பதற்குள், நாலு பேரோடு பேசிச் சிரித்தால் நோயே அண்டாது என்று நான்காமவர் வந்து நிற்பார். இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். எல்லாம் நல்லவை என்றால் எல்லாவற்றையும் செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஓய்வு பெற்றவருக்கும் உடம்புக்கென்று மனமுவந்து ஒதுக்க முடிவது பெரும்பாலும் நாளுக்கு ஒரு மணி நேரம்தான். அதற்கும் முழங்கால் வலி, சரியாகத் தூங்காத இரவு, பேரப்பிள்ளைகள், மருத்துவரிடம் காத்திருப்பு எனப் போட்டிகள் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது என்பதே இங்கு எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி.

ஒப்பிடுவதற்கு முன் எதை வைத்து அளப்பது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். 'நீண்ட நாள் வாழ வேண்டும்' என்று சொல்லும்போது நாம் இரண்டு ஆசைகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். ஒன்று, ஆயுளின் நீளம். மற்றொன்று, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது, கடைக்குப் போய் வருவது ஆகியவற்றைப் பிறர் கையை எதிர்பார்க்காமல் செய்துகொள்ளும் ஆண்டுகளின் எண்ணிக்கை. நோயும் முடக்கமும் வாழ்வின் கடைசிச் சில ஆண்டுகளுக்குள் சுருங்குமாறு செய்ய முடியும் என்ற கருத்தை ஜேம்ஸ் ஃப்ரைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1980-இல் முன்வைத்தார். உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் வெளியிட்ட அறிக்கையில், நோயே இல்லாதிருப்பதை நலமான முதுமை என்று சொல்லாமல், தான் மதிக்கும் வாழ்க்கையை வாழ்வதற்கான செயல்திறன் நிலைத்திருப்பதையே அப்படிச் சொன்னது. இந்த இரண்டு ஆசைகளுக்கும் ஒரே வழி பதிலாக அமைவதில்லை என்பது கீழே வரும் ஒப்பீட்டில் திரும்பத் திரும்பத் தெரியும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. 'இதைச் செய்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள்' என்ற கண்டறிதல் வேறு. 'இதைச் செய்யச் சொன்னதால் ஒருவர் நீண்ட நாள் வாழ்ந்தார்' என்ற கண்டறிதல் வேறு. லண்டன் பேருந்துகளில் உட்கார்ந்தே வேலை பார்த்த ஓட்டுநர்களைவிட, இரட்டை அடுக்கு வண்டியில் நாள் முழுவதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாக இருந்தது என்று ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் 1953-இல் வெளியிட்ட ஆய்வு, உடலுழைப்பின் நன்மைக்கு இன்றுவரை காட்டப்படும் முதல் சான்று. அதிகம் பேசப்படாத செய்தி என்னவென்றால், அதே குழுவினர் 1956-இல் ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநர்கள் வேலையில் சேர்ந்த காலத்திலேயே இடுப்பு பெருத்தவர்களாக இருந்தது தெரிந்தது. நடத்துநரைப் படிக்கட்டு காப்பாற்றியது உண்மையாக இருக்கலாம். படிக்கட்டு ஏறத் தக்க உடம்புடையவரே நடத்துநராகச் சேர்ந்தார் என்பதும் அதில் ஒரு பங்கு. தன் கண்டுபிடிப்பைத் தானே கால்சட்டை அளவைக் கொண்டு சந்தேகித்த அந்த நேர்மை, இத்துறையில் எழுதப்படும் பலவற்றுக்கு இல்லை.

நடைப்பயிற்சி

எளிமையில் நடையை வெல்ல எதுவும் இல்லை. கருவி வேண்டாம், கற்றுக்கொள்ள வேண்டாம், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் போதும். இதயம், நுரையீரல், ரத்தச் சர்க்கரை, மனநிலை ஆகிய நான்குக்கும் அது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் புதுப்பித்த வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் உடலை இயக்கச் சொல்கிறது. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது என்ற அளவு மூச்சிரைப்பே மிதமான வேகம்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்ற கணக்கு மருத்துவத்திலிருந்து வந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி அளவி' என்று பெயர் வைத்தார்கள், பெயரே விதியாகிவிட்டது. சராசரி வயது 72 கொண்ட 16,741 அமெரிக்கப் பெண்களின் நடையைக் கருவி மூலம் அளந்து 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட, சுமார் 4,400 அடி நடந்தவர்களின் மரண வாய்ப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. நடையின் பயன் பெரும்பாலும் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். நடக்காதவர் நடக்கத் தொடங்குவதற்கும், ஏற்கனவே ஒரு மணி நேரம் நடப்பவர் அதை ஒன்றரை மணி நேரமாக்குவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஆனால் நடக்க முடியாத அளவுக்கு உள்ளுக்குள் நோயுற்றவர்களும் அந்த 2,700 அடிக் கூட்டத்தில்தான் இருப்பார்கள் என்பதால், அந்த 41 விழுக்காட்டை அப்படியே நடையின் கணக்கில் எழுத முடியாது. நடத்துநரின் சீருடையை இங்கும் நினைவில் வைக்க வேண்டும்.

நடை செய்யாதவை எவை என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. சமதரையில் நடக்கும்போது தொடையின் முன்தசைக்கும் பிட்டத் தசைக்கும் பெரிய சுமை விழுவதில்லை. கைகளுக்கும் தோளுக்கும் ஏறத்தாழ வேலையே இல்லை. நாற்பது ஆண்டுகளாகக் காலை நடையைத் தவறவிடாத ஒருவர், தாழ்வான சோபாவிலிருந்து எழுந்திருக்கப் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தேடுவது அரிய காட்சி அல்ல. கீழே விழாமல் காப்பதிலும் நடை மட்டும் போதாது. கை எலும்பு முறிந்து தேறிய பெண்களை விறுவிறுப்பாக நடக்கச் சொல்லி நடத்தி 1997-இல் வெளியான ஒரு சோதனையில், நடந்த குழுவினர் விழுவது குறைவதற்குப் பதிலாகக் கூடியது. விழும் அபாயம் ஏற்கனவே உள்ளவரை, கால்களுக்கு வலுவும் நிலைப்பும் தராமல் வேகமாக நடக்கச் சொன்னால் அவர் விழுவதற்கான சந்தர்ப்பங்களைத்தான் பெருக்குகிறோம்.

தசைக்கு வலு சேர்ப்பது

வயதோடு தசையும் வலுவும் குறைந்துகொண்டே போவதற்கு 1989-இல்தான் 'சார்கோபீனியா' என்ற தனிப்பெயர் கிடைத்தது. இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் அதைச் சூட்டினார். முதுமையில் இயல்பு என்று அதுவரை கண்டுகொள்ளாமல் விடப்பட்ட ஒன்றுக்குப் பெயர் கிடைத்த அடுத்த ஆண்டே, அதைத் திருப்ப முடியும் என்பதற்கான முதல் வலுவான சான்றும் வந்தது. பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய, தளர்ந்த பத்துப் பேரை எட்டு வாரங்களுக்குக் கால்களால் எடையைத் தள்ளும் கடும் பயிற்சியில் ஈடுபடுத்தினார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார்கள். சிறிய எண்ணிக்கைதான், ஆனால் 1994-இல் சராசரி வயது 87 உடைய நூறு பேரிடம் அதே குழுவினர் பத்து வாரச் சோதனை நடத்தியபோதும் வலு இரு மடங்குக்கு மேலானது, நடை வேகமும் படியேறும் திறனும் கூடின. அந்தச் சோதனையில் இன்னொரு பாடமும் உண்டு: பயிற்சியின்றிச் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு எந்த முன்னேற்றமும் இல்லை. புரதப் பொடி டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த முடிவுதான் நினைவுக்கு வரும்.

வலு எவ்வளவு விரைவில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சராசரி 67 வயதுடைய, நோய் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. அவர்களின் கால்களிலிருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. ஒரு காய்ச்சல், ஓர் அறுவை சிகிச்சை, ஒரு வார மருத்துவமனைவாசம் என்று வரும்போது, கையிருப்பு உள்ளவர் அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார். விளிம்பில் இருப்பவர் நடமாட்டத்தையே இழந்துவிடுகிறார். வங்கியில் சேமிப்பு எதற்கோ, தசை அதற்கு.

இந்த விளிம்பு எங்கே இருக்கிறது என்பதை வீட்டு நாற்காலியிலேயே பார்க்கலாம். கைப்பிடி இல்லாத, சுவரோடு ஒட்டிய நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கச் சொன்னதும் முதலில் அவர் பின்பக்கத்தை இருக்கையின் முன்னோரத்துக்கு நகர்த்துகிறார். பாதங்களை உள்ளே இழுக்கிறார். இரு கைகளும் தாமாகவே தொடையில் போய் ஊன்றுகின்றன. ஒரு முறை முன்னும் பின்னும் ஆடி, அந்த வேகத்தைக் கடன் வாங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு எழுகிறார். எழுந்ததும் ஒரு கணம் நின்று நிலைகொண்ட பின்னரே முதல் அடி வைக்கிறார். உட்காரும்போதோ, கடைசிச் சாண் உயரத்தில் கட்டுப்பாடு போய்ப் 'தொப்'பென்று விழுகிறார். இந்த ஒவ்வொரு சமாளிப்பும் தொடைத்தசையின் பற்றாக்குறைக்கு உடம்பு தானாகக் கண்டுபிடித்த ஈடு. கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால், கால் வலு குறைந்துவிட்டது என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

சோதனையாக இருக்கும் அதே அசைவுதான் மருந்தும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், மெதுவாக எழுந்து அதைவிட மெதுவாக உட்காருவது. எட்டு முதல் பன்னிரண்டு முறைக்குள் கடைசி இரண்டு முறை உண்மையிலேயே கடினமாகத் தோன்ற வேண்டும். அது எளிதானதும் கையில் எடையைச் சேர்த்துக்கொள்வது அல்லது நாற்காலியைத் தாழ்வாக்குவது. சுவரைத் தள்ளுவது, குதிகாலை உயர்த்துவது, ரப்பர் பட்டையை இழுப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஜிம்முக்குப் போகத்தான் வேண்டும் என்பதில்லை. வியர்வையோ மூச்சிரைப்போ இல்லாததால் பலர் இதை உடற்பயிற்சியாகவே மதிப்பதில்லை என்பதும், முன்னேற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பதால் அதற்குள் சலித்துவிடுவதும் இதன் குறைகள். மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் எகிறும் என்பதால், தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் செய்த கண் அறுவை சிகிச்சை, முதுகெலும்புத் தேய்வு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். மறுநாள் தசையில் இருக்கும் வலி இயல்பு. மூட்டுக்குள் குத்தும் வலி நிறுத்தச் சொல்லும் வலி.

சமநிலை

இந்தப் பட்டியலில் மிகவும் புறக்கணிக்கப்படுவது இதுதான். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கீழே விழுகிறார். இடுப்பெலும்பு முறிவு பலருக்கும் சுதந்திரமான வாழ்க்கையின் கடைசி நாளாகிவிடுகிறது. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைப் பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, பின்னர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நிற்க முடியாதவர்களின் மரண வாய்ப்பு, வயது உள்ளிட்டவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் 84 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஒற்றைக் காலில் நிற்பதால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் அல்ல. நரம்பு, தசை, கண், உட்காது அனைத்தும் சேர்ந்து இயங்குகின்றனவா என்பதை அந்தப் பத்து விநாடி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

விழுவதைக் குறைப்பதில் சான்று மிகத் தெளிவாக இருக்கிறது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 108 சோதனைகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் மையமாகக் கொண்ட பயிற்சி விழும் விகிதத்தை 24 விழுக்காடு குறைக்கிறது. அதோடு தசை வலுப் பயிற்சியையும் சேர்த்தால் 34 விழுக்காடு. மெதுவான தொடர் அசைவுகளால் ஆன சீனப் பயிற்சியான தாய்ச்சியும் கைகொடுக்கிறது. வலுப் பயிற்சி மட்டும், நடை மட்டும் என்று தனித்தனியே எடுத்தால் இந்த அளவுக்கு உறுதியான சான்று இல்லை. இதற்குத் தனியாக நேரம்கூட வேண்டியதில்லை: பல் துலக்கும்போது வாஷ்பேசின் விளிம்பில் இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு ஒரு விரல், பிறகு விரலை எடுத்துவிட்டு நிற்பது, சுவரோரமாக ஒரு பாதத்தின் குதியை மற்றதன் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடப்பது. தள்ளாடாமல் செய்ய முடிகிறது என்றால் அது உங்களுக்கு எளிதாகிவிட்டது, கடினமாக்க வேண்டும் என்று பொருள். கை எட்டும் தூரத்தில் பிடிமானம் இருப்பதுதான் ஒரே நிபந்தனை. பயிற்சிக்கு வெளியேயும் பார்க்க வேண்டியவை உண்டு. தூக்க மாத்திரை விழும் வாய்ப்பைக் கூட்டும். கண்புரையைத் தள்ளிப்போடாமல் விரைவில் அறுவை செய்துகொண்ட எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் விழும் விகிதம் 34 விழுக்காடு குறைந்தது என்று 2005-இல் ஒரு சோதனை காட்டியது. இது நல்ல பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு நிகரான பயன்.

மாத்திரைகள்: ஒரே பெயரில் இரண்டு பொருள்கள்

மருந்துக் கடையில் தானாக வாங்கும் மாத்திரையையும், மருத்துவர் காரணம் பார்த்து எழுதித் தரும் மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்பதுபோல் மனத்திலும் போட்டு வைப்பதுதான் நாம் செய்யும் பிழை. முதல் வகையின் வரலாறு ஏமாற்றங்களின் வரலாறு. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு, உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் என்ற சத்தைக் கொடுத்துப் பார்த்த சோதனையில் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 விழுக்காடு கூடியது. அது வெளியான ஆண்டு 1994. வைட்டமின் டி குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், பொதுவாக 25,871 பேரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையில், நாள்தோறும் 2,000 யூனிட் வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-இல் தெரிந்தது. இதய நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளும் வழக்கமும் 2018-இல் ஆட்டம் கண்டது: பெரும்பாலும் எழுபதைக் கடந்த 19,114 பேரிடம் அது முடக்கமற்ற ஆயுளை நீட்டவில்லை, கடும் ரத்தக்கசிவைத்தான் கூட்டியது. சோதனையில் குறைபாடு கண்டறியப்பட்டவருக்கு அந்தச் சத்து மருந்தே. ஏற்கனவே மாரடைப்போ அடைப்போ கண்டவருக்கு ஆஸ்பிரின் வேறு கணக்கு, மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. மற்றவர்களுக்கு இவை மன ஆறுதல் மட்டுமே.

இரண்டாம் வகை நேர்மாறு. எண்பது வயதைக் கடந்த, உயர் ரத்த அழுத்தம் உள்ள 3,845 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான சோதனையில், அழுத்தத்தை 150/80 அளவை நோக்கிக் கொண்டுவரும் மருந்து மொத்த மரணங்களை 21 விழுக்காடும் இதயச் செயலிழப்பை 64 விழுக்காடும் குறைத்தது. 'இந்த வயதுக்குமேல் பி.பி. மாத்திரை எதற்கு' என்ற பேச்சுக்கு அதோடு பதில் கிடைத்துவிட்டது. இதை உடற்பயிற்சியோடு ஒப்பிட்டால் ஒரு சங்கடமான உண்மை வெளிப்படும். நார்வேயில் எழுபது முதல் எழுபத்தேழு வயது வரையிலான 1,567 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து 2020-இல் வெளியான சோதனையில், மேற்பார்வையிட்ட பயிற்சிக் குழுக்களுக்கும், பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற குழுவுக்கும் இடையே மரண விகிதத்தில் வேறுபாடு காணவில்லை; அறிவுரை பெற்றவர்களும் தாமாகவே சுறுசுறுப்பாக இருந்தது ஒரு காரணம். எப்படியாயினும், ஆயுளின் நீளத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், சோதனைகள் உறுதியாகக் கைகாட்டுவது நடையையோ எடையையோ அல்ல, ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டை. புகைபிடிப்பவருக்கு அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: பிரிட்டிஷ் ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து ரிச்சர்ட் டாலும் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட கணக்கின்படி, அறுபது வயதில் நிறுத்தினாலும் சுமார் மூன்று ஆண்டுகள் திரும்பக் கிடைக்கின்றன. இந்த இரண்டுக்கும் நாளின் ஒரு மணி நேரம் தேவையே இல்லை என்பதால், இவை போட்டிக்கு வெளியே, எல்லாவற்றுக்கும் முன்னால் முடிக்க வேண்டியவை.

உணவைப் பற்றி இங்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். தசைக்கு வேலை கொடுப்பவருக்குப் புரதம் வேண்டும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது முதியவர்களுக்கென்று 2013-இல் வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்த அளவு. பசி குறைந்தவர்கள் அதை ஒரே வேளையில் அடைக்காமல் மூன்று வேளைக்குப் பிரித்துக்கொள்வது எளிது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது.

மனிதத் துணை

மற்றவற்றோடு ஒப்பிட மிகக் கடினமானது இது. 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான அறிக்கை ஒன்று, வலுவான உறவுகள் உடையவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல் என்றது. நடத்துநரின் சீருடை இங்கும் குறுக்கே வரும். நோயாளி வீட்டுக்குள் ஒதுங்கிவிடுவார், ஆகவே தனிமை நோயின் விளைவாகவும் இருக்கலாம். இருந்தாலும் ஒரு நடைமுறைக் காரணத்துக்காக இதற்கு நான் அதிக மதிப்பெண் தருவேன்: தனியாகத் தொடங்கிய பயிற்சி மூன்றாம் வாரத்தில் நின்றுபோகும், நான்கு பேர் காத்திருக்கும் பயிற்சி நிற்பதில்லை. காது மந்தமானவர்கள் கூட்டத்திலிருந்து மெல்ல விலகுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் நடந்த 2023-ஆம் ஆண்டுச் சோதனையில், செவித்துணைக் கருவி மொத்தக் குழுவில் நினைவாற்றல் சரிவை மாற்றவில்லை. ஆனால் சரிவின் அபாயம் கூடுதலாக இருந்த பிரிவினரிடம் மூன்று ஆண்டுகளில் அந்தச் சரிவு 48 விழுக்காடு மெதுவானது. கருவியை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

யாருக்கு எது முதலில்

இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு வருவோம். பல ஆண்டுகளாக உட்கார்ந்தே இருந்தவருக்குத் தயங்காமல் நடையைச் சொல்வேன், ஏனென்றால் முதல் இரண்டாயிரம் அடி தரும் பயனுக்கு நிகராக வேறெதுவும் அவ்வளவு எளிதில் கிடைக்காது. பத்து நிமிடத்தில் தொடங்கி, மாதத்துக்குச் சிறிது கூட்டினால் போதும். ஏற்கனவே நாள்தோறும் நடப்பவருக்கு நான் சொல்வது வேறு, அவர் விரும்பாததும்கூட: வாரத்தில் இரண்டு நாள் நடையை அரை மணி நேரமாகக் குறைத்து, மீதி அரை மணியைக் கால் வலுவுக்குக் கொடுங்கள். ஏழு நாள் நடையிலிருந்து இரண்டு அரை மணிகளைக் கழிப்பதால் இதயம் இழப்பது மிகச் சிறிது. தொடை பெறுவது அதிகம். கடந்த ஆண்டில் ஒரு முறையாவது விழுந்தவருக்கும், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டவருக்கும், சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள் முதலிடம். வேக நடை அதற்குப் பிறகு. மருத்துவமனையிலிருந்து அண்மையில் வீடு திரும்பியவர் நாற்காலிப் பயிற்சியை இயன்முறை மருத்துவரின் கண்காணிப்பில் உடனே தொடங்க வேண்டும். 'நன்றாக ஓய்வெடுங்கள்' என்ற அன்பான சொல் அவருக்கு எதிரி. ஐந்தாறு மாத்திரைகளுக்கு மேல் போட்டுக்கொள்பவர், ஏழாவதாக ஒரு சத்து மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன், இருப்பவற்றை மருத்துவரிடம் காட்டி எதை நிறுத்தலாம் என்று கேட்பதே மேல்.

இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, கலவைதான் சிறந்தது என்பதற்கு நேரடிச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான, உடலியக்கம் குறைந்த 1,635 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான சோதனையில், ஒரு குழு நடையை மையமாக வைத்து வலு, சமநிலை, நெகிழ்வுப் பயிற்சிகளைச் சேர்த்துச் செய்தது. மற்றது உடல்நல வகுப்புகளை மட்டும் கேட்டது. சராசரி இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்று மேல் கவனித்தபோது, சுமார் 400 மீட்டர் தூரத்தை நடக்க முடியாத நிலைக்கு வந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 30.1 விழுக்காடு, வகுப்புக் குழுவில் 35.5 விழுக்காடு. வேறுபாடு ஐந்து விழுக்காட்டுப் புள்ளிதானே என்று தோன்றலாம். எண்பதை நெருங்கும் வயதில், நூறு பேரில் ஐந்து பேர் தம் கால்களாலேயே தெருமுனை வரை போய் வருகிறார்கள் என்றால், அதே அளவு பலன் தரும் ஒரு மாத்திரைக்கு என்ன விலை வைப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எங்கே தொடங்குவது என்று இன்னும் முடிவு செய்ய முடியாதவர்கள், இன்று மாலை வீட்டில் யாரையாவது பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கைபேசியில் விநாடி பார்த்து, மூன்றை அளந்து ஒரு தாளில் எழுதிவைக்கலாம்: கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார ஆகும் நேரம், ஒற்றைக் காலில் நிற்க முடியும் நேரம், ஓய்வாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து எடுத்த ரத்த அழுத்தம். மூன்றில் எது மோசமாக இருக்கிறதோ அதற்கே அடுத்த மூன்று மாதங்களின் பெரும்பங்கு. அழுத்தம் கூடியிருந்தால் முதலில் மருத்துவர், பிறகு பயிற்சி. மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில், அதே நேரத்தில், அதே தாளில் மறுபடி அளந்து எழுத வேண்டும். நாற்காலி மாறினால் கணக்கும் மாறிவிடும்.